டகயாசு நோயில் சிறுநீரகத் தமனி சுருங்கினால்: மாத்திரையா, பலூனா, ஸ்டென்டா, பைபாஸா?

என் தங்கைக்கு டகயாசு, அதாவது பெரிய ரத்தக்குழாய்களின் சுவரில் அழற்சி வந்து அவை சுருங்கும் நோய். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள், முப்பது வயதுகூட ஆகவில்லை. பிரஷர் 180-ஐ விட்டு இறங்காமல் நின்றபோது உள்ளூர் கிளினிக்கில் வேலை டென்ஷன் என்று சொல்லி அனுப்பினார்கள். வேலூரில் ஸ்கேன் எடுத்த பிறகுதான், வலது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பது தெரிந்தது. நாங்கள் சுருங்கிய இடத்தை உள்ளிருந்து ஊதி விரிக்கும் பலூன் மட்டும் செய்துகொண்டோம், விரித்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கும் உலோக வலையான ஸ்டென்ட் வைக்கவில்லை. நான் டாக்டர் இல்லை, கூடவே அலைந்த அண்ணன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வயதானவர்களுக்குக் கொழுப்பு படிந்து வரும் அடைப்பு வேறு, இது வேறு. அது நம் ஊர் போர்வெல் குழாயில் உப்பு படிகிற மாதிரி, உள்பக்கம் மட்டும். டகயாசுவில் குழாயின் சுவரே அழற்சியால் தடித்து இறுகிவிடுகிறது. 1908-இல் டகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தபோது பார்த்தது கண்ணின் ரத்தக்குழாய்களை. நம் நாட்டில் வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனியும் அதிகம் மாட்டிக்கொள்கின்றன, அதனால்தான் இங்கே நோய் பெரும்பாலும் பிரஷராகத் தலை காட்டுகிறது. 2009-இல் வந்த ஆஸ்ட்ரல், 2014-இல் வந்த கோரல் ஆய்வுகளைக் காட்டி ‘ஸ்டென்ட்டே வேஸ்ட், மாத்திரை போதும்’ என்று யாராவது அனுப்பினால் பதற வேண்டாம். அவை கொழுப்பு அடைப்புக்காரர்களை வைத்துச் செய்தவை.

மாத்திரை மட்டும் போதுமா? பிரஷர் கட்டுக்குள் இருந்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினினும் ஏறாமல் இருந்தால் போதும். அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும் முதலில் மருந்து என்றுதான் சொல்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பக்கத் தமனியும் சுருங்கியிருந்தால், அல்லது வேலை செய்யும் சிறுநீரகம் ஒன்றே ஒன்றாக இருந்தால், எனலாபிரில், ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் வகை பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகத்தின் வேலையையே சட்டென்று குறைத்துவிடலாம். கடைக்காரர் கொடுத்தார், பக்கத்து வீட்டு அக்கா போடுகிறார் என்பதெல்லாம் இங்கே ஆகாது. என் தங்கைக்கு நாலு வகை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை, அதனால்தான் அடுத்த கட்டம்.

இப்போது பலூனா, ஸ்டென்டா. இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த சொந்தக்காரர் எல்லார் வீட்டிலும் இருப்பதால், ‘கையோடு ஸ்டென்ட்டும் வெச்சுடுங்க டாக்டர், ஒரேயடியா முடிஞ்சிடும்’ என்று கேட்பது சகஜம். வெயிட்டிங் ஹாலில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம், கொல்கத்தா பக்கத்திலிருந்து வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கியிருந்தவர்கள், அதையேதான் கேட்டார்கள். அடிக்கடி வர முடியாதவர்கள் அப்படி நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் இந்த நோயில் ஒரேயடியாக முடிகிற வழி எதுவும் இல்லை. தடித்த சுவருக்கு பலூனை அதிக அழுத்தத்தில், சில சமயம் பலமுறை ஊதித்தான் விரிக்க முடியும். அது சரியாக விரிந்துவிட்டால் உள்ளே உலோக வலையை விட்டுவைக்க அவசியம் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், டகயாசு சிறுநீரகத் தமனிகளில் வெறும் பலூனைவிட ஸ்டென்ட் வைத்த இடத்தில்தான் மறுபடி சுருங்குவது அதிகம் என்று வந்திருக்கிறது. சுருங்கிய பலூன் இடத்தை இன்னொரு பலூனால் விரிக்கலாம். ஸ்டென்ட்டுக்குள் சதை வளர்ந்து அடைத்தால் திறப்பது கஷ்டம், பின்னாளில் பைபாஸுக்குப் போனாலும் அந்த வலை தொந்தரவு. வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் யோசிக்க வேண்டும், குழாய் வளரும், ஸ்டென்ட் வளராது.

அதற்காக ஸ்டென்ட் கூடவே கூடாது என்று அர்த்தம் இல்லை. பலூன் ஊதும்போது உள்சுவர் கிழிந்தாலோ, விரித்த இடம் உடனே பழையபடி சுருங்கினாலோ வைத்துத்தான் ஆக வேண்டும். ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே டாக்டரிடம் பேசி வைத்துவிட்டோம்.

பலூன், ஸ்டென்ட் இரண்டில் எதை எடுத்தாலும், அது நிலைக்குமா என்பதை முடிவு செய்வது செய்கிற நேரத்தில் அழற்சி அடங்கியிருக்கிறதா, அதற்குப் பிறகும் அடங்கியே இருக்கிறதா என்பதுதான். அழற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது விரித்தால் சீக்கிரம் சுருங்கிவிடுகிறது. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் 2018 பரிந்துரையும், அவசரம் இல்லையென்றால் நோய் அடங்கிய பிறகே செய்யச் சொல்கிறது. எங்களையும் மாதக்கணக்கில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் கொடுத்துக் காக்க வைத்தார்கள். பிரஷர் ஏறிக் கிடக்கையில் காத்திருப்பது எவ்வளவு எரிச்சல் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அடங்கிவிட்டதா என்று கண்டுபிடிப்பதும் லேசில்லை, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மலாக இருக்கும்போதே சுவருக்குள் அழற்சி இருக்கலாம். அதனால் நாடி, பிரஷர், அறிகுறி எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பெண் போடும் ஐடாஸ் 2010 என்ற முறையை இந்திய மருத்துவர்களே உருவாக்கினார்கள், அதில் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு வருவது பராமரிப்பு. பலூன் செய்து பிரஷர் இறங்கியதும் ‘சரியாயிடுச்சு, எதுக்கு இத்தனை மாத்திரை’ என்று தோன்றும், தங்கைக்கும் தோன்றியது. நிறுத்தவே கூடாத இடம் இதுதான். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, ஸ்ட்ரிப் மேலேயே கிழமையை எழுதி வையுங்கள். கல்யாணம், குழந்தை என்ற பேச்சு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும், அதே மாதிரி அழற்சிக்குக் கொடுக்கும் மைக்கோபீனோலேட்டும் கர்ப்பத்தில் ஆகாது, அசதயோப்ரின் மாதிரி வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். குழாயில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், எடுப்பவரின் கையைப் பொறுத்தது என்பதால் முடிந்தவரை ஒரே இடத்தில் எடுத்தால்தான் முன்னதோடு ஒப்பிட முடியும். ஆம்பூரிலிருந்து பஸ் ஏறினால் வேலூர் என்பதால் ரிவ்யூ எங்களுக்குப் பாரமாக இல்லை. தொலைவில் இருப்பவர்கள் ஊருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஒரு டாக்டரை முன்பே பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

பைபாஸ் பற்றிக் குறைவாகத்தான் எழுத முடியும், எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பெருந்தமனியே சுருங்கியிருந்தால், பலூன் திரும்பத் திரும்பத் தோற்றால், அங்கே போகிறார்கள். நீண்ட நாள் திறந்திருப்பதில் அதுதான் மேல் என்கிறார்கள். சுருங்கிய இடத்தைத் தாண்டி மாற்றுக் குழாய் ஒட்டும் பெரிய ஆபரேஷன், ஒட்டும் இடத்தில் நோய் இருக்கக் கூடாது. சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கி வேலை செய்யாமல் போயிருந்தால் எதைச் செய்தும் பலன் குறைவு, அதனால் சிறுநீரகத்தின் அளவையும் அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

அப்புறம், பிரஷர் எந்தக் கையில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். டகயாசுவில் கைக்குப் போகும் தமனியும் சுருங்கலாம், அந்தக் கையில் எடுத்தால் 110 காட்டும், உள்ளே 180 இருக்கும். தங்கைக்கு இடது கை அப்படித்தான். வீட்டு மெஷினில் ‘வலது கை மட்டும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். இரண்டு கையிலும் நாடி குறைவாக இருந்தால் தொடையில் எடுக்கச் சொல்லுங்கள், அதற்குப் பெரிய பட்டை வேண்டும், எல்லா கிளினிக்கிலும் இருக்காது.