மாடியில் சோலார் போடப் போகிறீர்களா? வட சென்னைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

திருவொற்றியூர், எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டை பக்கமெல்லாம் இப்போது தெருமுனையில் குடை போட்டு உட்கார்ந்து, "அரசுத் திட்டத்தில் சோலார், கரண்ட் பில் ஜீரோ" என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நல்லபடியாகப் போட்டுக் கொடுத்த நிறுவனங்களும் எங்கள் பகுதியில் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அப்படி இல்லை. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மின்வாரியம் வந்து நெட் மீட்டர் (நாம் எடுக்கும் கரண்ட்டையும் லைனுக்குக் கொடுக்கும் கரண்ட்டையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர்) மாட்டும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அதுவரை சோலாரை ஆன் செய்யவும் விடாதீர்கள்.

திட்டம் உண்மையானதுதான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டம் அது. வீட்டுக்கு ஒரு கிலோவாட் போட்டால் 30,000 ரூபாய், இரண்டு போட்டால் 60,000, மூன்றோ அதற்கு மேலோ போட்டால் 78,000 மானியம். எல்லாம் முடிந்து, மீட்டர் மாட்டி, ஆய்வும் ஆன பிறகு அந்தப் பணம் நேராக நம் வங்கிக் கணக்குக்கு வரும். இடையில் யார் கைக்கும் போகாது.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நாங்கள், குழந்தைகள். வெயில் காலத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் கீழ் ஸ்லாபில் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய், பில் எங்கேயோ நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சோலார் பேச்சு எடுபட்டது. வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "ஐயா, மூணு கிலோவாட் போட்டுடலாம். மிக்ஜாம் புயல் மாதிரி இன்னொண்ணு வந்தாலும் உங்க வீட்ல மட்டும் லைட் எரியும்" என்றான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கரண்ட் இல்லாமல் இந்தப் பக்கத்து மக்கள் பட்ட பாடு அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்துத்தான் தொட்டான். அவன் சொன்னது பச்சைப் பொய். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார், அந்த சப்ளை நின்ற நொடியில் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரையே (பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் பெட்டி) அப்படித்தான் செய்கிறார்கள். கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

மொத்தம் 1,95,000 ரூபாய் பேசினார்கள். முன்பணம் 50,000, பொருள் மாடிக்கு வந்ததும் மீதி முழுவதும். பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பச் சொல்லாமல், ஒரு தனி ஆளின் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார்கள். ஆதார், ஈபி கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சொன்ன தேதிக்குப் பேனல் வந்தது, மாட்டினார்கள், அன்று சாயங்காலமே ஆன் செய்தார்கள். "நெட் மீட்டர் தானா வரும், நீங்க இப்பவே யூஸ் பண்ணுங்க, இன்னைலேர்ந்து பில் குறையும்" என்று சொல்லிவிட்டு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த ரீடிங்கில் 900 யூனிட்டுக்கு மேல் வந்தது.

500-ஐ ஒட்டி ஓடுகிற வீட்டில், அதுவும் சோலார் போட்ட பிறகு! மீட்டர் கோளாறு என்று நினைத்தோம். நிறுவனத்துக்குப் போன் போட்டால் "ஏசி அதிகமா ஓட்டியிருப்பீங்க" என்றார்கள். உண்மையைக் கண்டுபிடித்தது எங்கள் பின்தெருவில் வயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவர். நல்ல உச்சி வெயிலில் வந்தார். வீட்டுக்குள் ஃபேன், ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மீட்டர் பெட்டியைத் திறந்தால் அந்தச் சிவப்பு விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு பல்பு கூட எரியவில்லை. பிறகு மாடிக்குப் போய் சோலாரிலிருந்து வீட்டு லைனுக்குக் கரண்ட் வரும் பிரேக்கர் சுவிட்சை இறக்கினார். கீழே விளக்கு நின்றுவிட்டது. மறுபடி ஏற்றினார், துடிக்க ஆரம்பித்தது. "நைனா, இங்க பாருங்க, நீங்க ஈபிக்குக் குடுக்கிற கரண்ட்டுக்கு நீங்களே காசு கட்டிட்டிருக்கீங்க" என்றார் அப்பாவிடம்.

விஷயம் இதுதான். வீடுகளில் இருக்கும் சாதாரண மீட்டர்கள் பலவற்றுக்கு, கரண்ட் எந்தத் திசையில் போகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் கூட்டிக்கொண்டே போகும். மூன்று கிலோவாட் சோலார் நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் தரும். பகலில் வீட்டில் ஆள் குறைவு, செலவும் குறைவு, மிச்சமெல்லாம் லைனுக்குப் போகிறது. நெட் மீட்டர் இருந்தால் அது நம் கணக்கில் கழியும். பழைய மீட்டரில் அதுவே நாம் செலவழித்ததாக ஏறும். சோலார் தொழிலில் இருக்கும் எவருக்கும் இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. தெரிந்துதான் ஆன் செய்தார்கள். ஆன் செய்து காட்டினால்தானே மீதிப் பணம் கைக்கு வரும். அனுமதி இல்லாமல் லைனில் இணைத்தது தனிக் குற்றம். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் போய்ச் சொன்னதும் முதல் வேலையாக சோலாரை நிறுத்தி வைக்கத்தான் சொன்னார்கள். நியாயம்தான்.

அங்கேதான் அடுத்தது தெரிந்தது. எங்கள் இணைப்பு எண்ணில் நெட் மீட்டருக்கு விண்ணப்பமே முழுமையாகப் போகவில்லை. பிஎம் சூர்ய கர் இணையதளத்தில் நாங்களே பதிவு செய்யப் பார்த்தால், இந்த எண்ணில் ஏற்கெனவே பதிவு இருக்கிறது என்று வந்தது. அந்தப் பதிவு அப்பாவின் மொபைல் எண்ணில் இல்லை, அந்தப் பையனின் எண்ணில். ஓடிபி எல்லாம் அவனுக்கே போகும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டுக்காரரான எங்களால் பார்க்கக்கூட முடியவில்லை.

பாதியில் ஏன் நின்றது என்பதற்கும் காரணம் மாடியிலேயே இருந்தது. மானியம் வேண்டும் என்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இரண்டுமே இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். டிசிஆர் பேனல் என்பார்கள். அவற்றின் வரிசை எண்கள் திட்டத்தின் இணையதளத்தில் ஏற வேண்டும். எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனில் ஒரு பேர்பெற்ற கம்பெனியின் டிசிஆர் பேனல் என்று இருந்தது. பேனல்களைத் தரையோடு ஒட்டினாற்போல் மாட்டியிருந்ததால் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைக் குனிந்தாலும் பார்க்க முடியவில்லை. என் போனைச் செல்ஃபி குச்சியில் மாட்டி அடியில் நுழைத்துப் படம் எடுத்தேன். வேறு பெயர், வேறு மாடல், டிசிஆர் என்ற பேச்சே இல்லை. இந்த மாதிரிப் பேனல் கரண்ட் தராது என்று சொல்லவில்லை, தரும். விலை மலிவு, மானியம் கிடையாது. அந்த விலை வித்தியாசத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், எங்களுக்கு 78,000 போயிற்று.

ஸ்டாண்டையும் சொல்ல வேண்டும், கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். துத்தநாகப் பூச்சு கொடுத்த ஜிஐ குழாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாதா இரும்புக் குழாயில் சில்வர் பெயிண்ட் அடித்து வெல்டிங் வைத்திருந்தார்கள். எங்கள் காற்றில் உப்பு எப்படி என்று சொல்லத் தேவையில்லை, ஜன்னல் கம்பியே தாங்காது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் வைத்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் துரு வழிந்து மாடித் தரையில் பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. புயல் காற்றுக்கு நிற்க வேண்டிய ஸ்டாண்ட் இது. நல்ல ஜிஐ-யாக இருந்தாலும் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும். நட்டு போல்ட் போட்டு இணைப்பதுதான் சரி என்று பிறகு தெரிந்துகொண்டோம். போதாததற்கு, தண்ணீர் தொட்டியின் நிழல் மூன்று மணிக்கு மேல் இரண்டு பேனலில் விழுகிறது. வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் சேர்ந்து அடிவாங்கலாம். இடம் இருந்தும் தள்ளிப் போடவில்லை, கேபிள் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. இந்த ஊர் முழுக்க விளக்கு எரிய, அதன் சாம்பலை இத்தனை வருடம் வாங்கிக்கொண்டது எங்கள் பக்கம். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அத்திப்பட்டு வட சென்னை அனல் மின் நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. மாடியில் காயப்போட்ட துணியை உதறினால் கருப்புத் தூள் கொட்டுகிற தெருக்கள் இங்கே இருக்கின்றன. நிலக்கரி இல்லாத கரண்ட் நம் மாடியிலேயே கிடைக்கும் என்ற எண்ணம் மற்ற இடத்தைவிட இங்கே வேர்விட வேண்டும். எங்கள் தெருவில் விசாரித்துக்கொண்டிருந்த வீடுகள் எங்கள் பில்லைப் பார்த்துவிட்டு, "சோலாரா, வேணாம்பா" என்று ஒதுங்கிவிட்டன. அந்த நிறுவனம் செய்த கெடுதலில் பெரியது அதுதான் என்பேன்.

வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள், சரியாகப் போடுங்கள். திட்டத்தின் இணையதளத்தில் பதிவை உங்கள் போனில், உங்கள் எண்ணில் நீங்களே செய்யுங்கள். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது, வந்தவர் பெயர் அதில் இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். பேனல் மாடிக்கு ஏறுவதற்கு முன், வேன் பக்கத்தில் நின்று பின்புற ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கொட்டேஷனோடு ஒப்பிடுங்கள். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும், ஜிஎஸ்டி பில்லோடு. ஒரு பெரிய தொகையை நெட் மீட்டர் மாட்டிய பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றால் அவரை அனுப்பிவிடுங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு திட்டத்தின்படி அவர்கள் பொறுப்பு, அதையும் எழுத்தில் கேளுங்கள். பேனலைக் கழுவ எல்லாப் பக்கமும் கை எட்டுமா என்று பாருங்கள், எங்கள் தூசிக்கு அடிக்கடி கழுவியாக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், முடிந்தால் உப்பில்லாத தண்ணீரில். போர் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் கட்டிவிடும்.

ஏற்கெனவே போட்டுவிட்டு நெட் மீட்டருக்குக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்த பிரேக்கரை இறக்கிவிட்டு, பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். பில் தொடர்பான புகாருக்கு மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது. நிறுவனத்தின் மீது புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கொட்டேஷன், ஜிபே ரசீது, ஸ்டிக்கர் படம், அந்தப் பையனின் வாட்ஸப் வாய்ஸ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இதே மாதிரி ஆன் செய்துவிட்டுப் போய், பில் ஏறி உட்கார்ந்திருப்பவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், மனுவின் நகலைத் தருகிறேன், உங்கள் மனு எழுதவும் கூட இருந்து உதவுகிறேன்.