உச்சிப்புளியில் ஒரு ஜெராக்ஸ் கடையும் அப்பாவின் மூன்றாவது மெடலும்

உச்சிப்புளி கடைத்தெருவில் பலகை வெளுத்துப்போன ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைக்குப் பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. 'கிளார்க் அண்ணன் கடை' என்றால் ஆட்டோக்காரர் வாசலில் இறக்கிவிடுவார். கடைக்காரர் பட்டாளத்தில் ஹவில்தார் கிளார்க்காக இருந்து வந்தவர். ஆதார், பட்டா, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் செய்கிறார். அதற்கெல்லாம் நான் மதிப்பெண் போடப் போவதில்லை, அது எந்த ஊரிலும் நடக்கும். பட்டாளத்துக் காகித வேலைக்கு மட்டும் இந்த விமர்சனம்.

நாங்கள் இருப்பது மண்டபம். 2023 நவம்பரில் அப்பாவின் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் போட வேண்டியிருந்தது. பட்டாளத்திலிருந்து வந்தபின் இருபது வருடத்துக்கு மேல் வலை இழுத்த கை, ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. இரண்டு இடத்தில் கருவி ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளார்க் அண்ணன் கருவியைத் தொடவே இல்லை. போனை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்து, "அண்ணே, கண்ணைச் சிமிட்டுங்க" என்றார். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. 50 ரூபாய்.

அப்புறம், சும்மாதான், பட்டாளத்தை விட்டு வரும்போது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் புரட்டினார். 1981-ல் சேர்ந்து 1998-ல் நாயக் ரேங்கில் வெளியே வந்தவர் அப்பா. மெடல் பகுதியில் இரண்டு வரிதான். ஒன்று ஒன்பது வருட நெடுஞ்சேவை மெடல். இன்னொன்று 1997-ல் பணியில் இருந்தவர்களுக்குத் தந்த சுதந்திரப் பொன்விழா மெடல். கிளார்க் அண்ணன் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, 88-ல எங்க இருந்தீங்க?" என்றார்.

அப்பா ரோட்டைப் பார்த்தார். "சிலோன்ல."

"அப்ப ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், ஸ்ரீலங்கா கிளாஸ்ப்போட, எங்க?" கிளாஸ்ப் என்பது எந்த இடத்துப் பணிக்கு என்று மெடல் நாடாவில் மாட்டும் சின்னப் பட்டை.

நான் பிறந்தது 1988 மே மாதம். அப்பா என்னைப் பார்த்தது எனக்கு ஒன்பது மாதம் ஆன பிறகு. இவ்வளவும் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு மெடல் உண்டு என்பது தெரியாது. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1990 மார்ச்சில் கடைசி ஆள் திரும்பும் வரை அங்கே இருந்த இந்திய அமைதிப்படையில் அப்பாவும் ஒருவர் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. மண்டபத்தில் இலங்கை அகதி முகாமுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

கிளார்க் அண்ணன் அன்றே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வீரதீர விருது என்றால் மாதாமாதம் படி உண்டு. இது பணி மெடல், இதனால் பென்ஷனில் ஒரு பைசா ஏறாது. "காசுக்காகன்னா வேண்டாம் தங்கச்சி, பஸ் செலவு மிச்சம்" என்றார். ராமநாதபுரத்தில் இதே வேலைக்கு ஒரு தரகர் 5,000 ரூபாய் கேட்டார், பென்ஷனும் கூடும் என்று சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு பேச்சிலேயே எந்தக் கடைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது.

விட்டுப்போன மெடலைக் கேட்டுப் பட்டாளத்துக்கு அனுப்பும் முதல் மனுவை நானே எழுதிக்கொண்டு போனேன். இரண்டு பக்கம். நாட்டுக்காக உழைத்தவருக்கு இதுதான் மரியாதையா என்றெல்லாம் கேட்டிருந்தேன். படித்துவிட்டு, "இதுல கோபம் இருக்கு, நம்பர் இல்லை" என்று மடக்கிக் கொடுத்தார். அவர் அடித்தது பதினொரு வரி. முதல் வரியிலேயே சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர். அடுத்து சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, பென்ஷன் ஆணை எண். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த யூனிட்டோடு அங்கே இருந்தார், என்ன பதிவு விட்டுப்போயிருக்கிறது, என்ன வேண்டும். கீழே அப்பாவின் கையெழுத்து. என் பெயர் எங்கேயும் இல்லை. ஆவணம் அவருடையது, கேட்கிறவரும் அவராகத்தான் இருக்க வேண்டுமாம்.

அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு 'ஒய்' கூடுதல், ஆதாரில் அது இல்லை. இரண்டையும் ஒன்றாக்க நான் பட்டாளத்து ஆவணத்தைத் திருத்தச் சொன்னேன். அவர் ஆதாரைத் திருத்தச் சொன்னார். அங்கே ஒரு எழுத்தை நகர்த்துவது மலையைப் புரட்டுவது மாதிரி, மெடலின் விளிம்பில் வெட்டுவதும் அங்கே உள்ள பெயரைத்தான் என்றார். ஆதார் ஒரே வாரத்தில் மாறியது.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: ஆவணத்தில் அப்படி ஒரு பதிவு இல்லை. அதுதான் எங்களுக்கே தெரியுமே! நான் அத்தோடு விட்டிருப்பேன். கிளார்க் அண்ணன், "நல்லது, இப்ப எழுத்துல வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமை மனு ஒன்று போட்டார். மெடல் ஏன் தரவில்லை என்று கேட்கவில்லை. அப்பாவின் பணிப் பதிவேடான ஷீட் ரோலின் நகலும், அவர் சிலோனில் இருந்த காலத்தில் அவர் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகலும் வேண்டும் என்று மட்டும் கேட்டார். 'ஏன்' என்று கேட்டால் விளக்கம் வரும், 'நகல் கொடு' என்றால் காகிதம் வரும் என்பது அவர் கணக்கு. முப்பது நாளைக்குள் காகிதம் வந்தது.

அதைப் படிக்க அவர் மாதிரி ஆள் வேண்டும். எனக்கு அது சுருக்கெழுத்தும் எண்ணுமாகத்தான் தெரிந்தது. அவர் பென்சிலால் இரண்டு இடத்தில் கோடு போட்டார். பட்டாளத்தில் ஒரு சிப்பாய்க்கு எது நடந்தாலும், மாற்றமோ கல்யாணமோ பிள்ளை பிறப்போ மெடலோ, பார்ட் டூ ஆர்டரில் வந்தால்தான் அது நடந்ததாகக் கணக்கு. அப்பா டிரைவர். தன் யூனிட்டிலிருந்து வேறொரு யூனிட்டுக்கு அட்டாச்மெண்டில், அதாவது தற்காலிகமாக, போயிருக்கிறார். போன பதிவு இருக்கிறது, திரும்பிய பதிவும் இருக்கிறது. மெடலுக்குப் பெயர்ப்பட்டியல் எடுத்தபோது, அவர்கள் இவர்கள் அனுப்புவார்கள் என்று இருந்திருக்கிறார்கள், இவர்கள் அவர்கள் அனுப்பியிருப்பார்கள் என்று இருந்திருக்கிறார்கள். இரண்டு பட்டியலிலும் ஆள் இல்லை.

இதை வைத்துப் போடும் இரண்டாவது மனுவோடு சேர்க்க ஒரு சாட்சியும் கேட்டார். நான் பிறந்த சேதி தெரிந்ததும் அப்பா எழுதிய கடிதத்தை எடுத்துப் போனேன். பட்டாளத்து ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையோடு அம்மா முப்பத்தைந்து வருடம் பத்திரப்படுத்தியது. அவர் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு, "இது உங்க வீட்டுச் சொத்து, அனுப்பாதீங்க. ஆஸ்பத்திரி சீட்டு எதாச்சும்?" என்றார். டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. 1988 ஆகஸ்டில் மலேரியா வந்து ஃபீல்டு ஆம்புலன்ஸில், அதாவது பட்டாளத்தின் களத்து மருத்துவப் பிரிவில், படுத்திருந்த சீட்டு, நம்பரும் தேதியும் சீலும் அப்படியே. அப்பாவுக்கே அது இருப்பது ஞாபகமில்லை.

இனி குறை. அந்தச் சீட்டை இவர் எடுத்த ஜெராக்ஸ் மங்கல். டோனர் தீர்ந்துபோன இயந்திரத்தை ஆட்டி ஆட்டி ஓட்டிக்கொண்டிருந்தார், நானும் கவனிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து 'நகல் தெளிவாக இல்லை' என்று திரும்பி வந்தது. வருத்தப்பட்டார், மறுபடி அனுப்பக் காசு வாங்கவில்லை, ஆனால் இரண்டு மாதம் போனது போனதுதான். போன் எடுக்க மாட்டார். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை சாத்தியிருக்கும், பலகையில் அது எழுதியிருக்காது. பக்கத்து ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்து ஹெலிகாப்டர் மேலே போனால் பேச்சை நிறுத்தி அது என்ன ரகம் என்று சொல்லுவார், வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் சரி.

2025 ஜனவரியில் கடிதம் வந்தது, பதிவு ஏறிவிட்டது என்று. அப்பாவோடு சாயங்காலம் சீட்டு ஆடுகிறவர் அப்போது திண்ணையில் இருந்தார். 1990-ல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்து முகாமில் இருப்பவர், அவுட்போர்டு இன்ஜின் பார்ப்பவர். ஆங்கிலம் தெரிந்தவர் அவர்தான் என்பதால் அப்பா யோசிக்காமல் கடிதத்தை நீட்டிவிட்டார். படித்து முடித்து, "அப்ப நீங்களும் அங்க நிண்டனீங்களோ?" என்றார்.

"வண்டி ஓட்டினேன்" என்றார் அப்பா.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார், சீட்டுக்கட்டும் அவர்தான் கொண்டுவந்தார்.

மெடல் ஆறு மாதம் கழித்துக் கைக்கு வந்தது. விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர், அந்த 'ஒய்' உட்பட. சட்டம் போட்டு மாட்டலாமா என்றதற்கு அப்பா, "பெட்டியில வை" என்றதோடு சரி.

செலவு: முதல் மனு 100, தகவல் உரிமை மனு போஸ்டல் ஆர்டரோடு 150, இரண்டாவது மனு 200. உயிர்வாழ் சான்றிதழையும் சேர்த்தால் 500 ரூபாய். ஸ்பீட் போஸ்ட் தனி. மேலே கொடுத்தால் வாங்க மாட்டார். ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு கொண்டு போனேன், அதை வாங்கிக்கொண்டார்.

போகிறவர்கள் டிஸ்சார்ஜ் புக்கின் அசலைக் கொண்டு போங்கள், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து. மழை நாளில் கூரை ஒழுகும். வீட்டில் கிடக்கும் பழைய சீட்டு, பாஸ், போட்டோ எதையும் இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், அவர் பார்த்து ஒதுக்கட்டும்.

ஐந்துக்கு நாலு. போனே எடுக்காத மனிதர் போன வாரம் தானாகக் கூப்பிட்டு, புது டோனர் போட்டாயிற்று என்றார். போய் ஒரு நகல் எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடுகிறேன்.