காசா, பணமா: எங்கே எதை எழுதுவது?

வேர்: பழந்தமிழில் காசு என்றால் மேகலை என்னும் இடுப்பணியில் கோத்த மணியும்தான். வெண்பாவின் கடைசிச் சீர் எப்படி அமையவேண்டும் என்று காட்டும் மாதிரிச் சொற்களிலும் (வாய்பாடு) காசு உண்டு: 'நாள், மலர், காசு, பிறப்பு'. பணம், அர்த்தசாஸ்திரம் அபராதம் விதிக்கும் 'பண' நாணயத்துக்கு உறவு.

மதிப்பு: பழைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் (பொன் நாணயம்). அந்தச் சிறுகாசை ஐரோப்பியர் 'கேஷ்' என்றார்கள். ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' வேறு. அது பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, ரொக்கக் 'கேஷ்' தமிழ்க் காசிலிருந்து வந்தது என்று பெருமை பேசுவது தவறு.

கூட்டுச்சொல்: காசோலை, காசாளர், காசுமாலை ஒருபக்கம், பணவீக்கம், பணவிடை மறுபக்கம். 'காசுவீக்கம்' என்றால் காதில் ஒட்டாது.

கையில் புழங்குவதற்கும் பேச்சுக்கும் காசு: "சில்லறைக் காசு இருக்கா?" பொருளாதாரம், ஒப்பந்தம் எழுதப் பணம். யாழ்ப்பாணப் பேச்சை எழுதினால் பெருந்தொகைக்கும் தயங்காமல் காசு என்றே போடுங்கள்.