புதிய இதழ் வலையேறும் முன்: செல்லினம், முரசு அஞ்சல், இன்னும் சில கருவிகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ தயாராகும் தமிழ் இணைய இதழ் எதுவாக இருந்தாலும், புதிய இதழ் வலையேறிய இரவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைப்பேசியில் கவிதைப் பக்கத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் 'மௌனம்' என்று அடியுங்கள். சொல் கண்ணெதிரே நிற்கும். தேடலோ ஒன்றும் இல்லை என்று கைவிரிக்கும். காரணம், கவிதையில் இருப்பது மௌ அல்ல. மெ என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் தனி ளகரமும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். இதழுக்குப் படைப்பு அனுப்புகிறவர்களும் அதைத் தொகுக்கிறவர்களும் புழங்கும் கருவிகளை இந்தக் கண்ணோடுதான் எடைபோட வேண்டும். வேகமும் அழகும் அதற்குப் பிறகு.

முதலில் செல்லினம். நம் ஊர்க்காரரான முத்து நெடுமாறன் உருவாக்கியது. 2005இல் கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதற்கென வந்த செயலி, இன்று ஆண்டிராய்டிலும் ஐபோனிலும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்99, அஞ்சல் என இரண்டு விசைமுகங்கள், அதாவது விசைகளில் எழுத்துகளை அமைக்கும் முறைகள். இதழாசிரியர் பார்வையில் இதன் பெரிய நன்மை, அடித்தது யூனிகோடாகவே, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டிலேயே, வந்து சேரும் என்பது. ஔகாரம் இரண்டிலும் முழு உயிர்க்குறியாகவே விழும். மேலே சொன்ன மௌனச் சிக்கல் இங்கே பிறப்பதில்லை. ரயிலில் வரும்போதே ஒரு பக்கக் கதையை அடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிவிடுகிறவர்களுக்கு இதைவிடத் தோதானது இல்லை.

குறை இல்லாமல் இல்லை. எந்தக் கைப்பேசி விசைப்பலகையிலும் சொற்பரிந்துரை பொதுத் தமிழை நம்பியே நடக்கும். நம் தோட்டப்புறக் கதைகளில் வரும் 'கித்தா' (ரப்பர்), 'சடக்கு' (சாலை), 'பசியாறுவது' போன்றவற்றின் இடத்தில் வேறொரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'பசியாறினான்' என்பது 'பசி ஆறினான்' என்று பிரிந்து வந்தால் பிழை எழுத்தாளருடையது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. மலாய் ஊர்ப்பெயர்களுக்கும் இதே கதிதான். தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, பரிந்துரையை மட்டும் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்99ஆ, அஞ்சலா என்று கேட்டால், நீளமாக எழுதுகிறவருக்குத் தமிழ்99. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும்; ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற இணைகளிலும் அப்படியே. 'பக்கம்', 'மன்றம்' எல்லாம் புள்ளி விசையைப் பெரிதாகத் தேடாமலே முடிந்துவிடும். பழகாதவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். 'பப்பாளி' என்று அடிக்கப் போய் முதல் பகரத்திலேயே புள்ளி ஏறி நிற்கும். 'ததும்பியது' என்பதற்கும் அந்தக் கதிதான். முதல் எழுத்துக்குப் பிறகு அகர விசையை ஒரு தட்டு தட்டினால் புள்ளி வராது. இந்த ஒரு விதி தெரியாமல் தமிழ்99ஐக் கைவிட்டவர்கள் நிறைய.

அஞ்சல் ஒலிபெயர்ப்பு முறை. ஆங்கில விசைகளில் விரல் பழகியவர்கள் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதற்குக் கொடுக்கும் விலை ந, ன எழுத்துகளில் தெரியும். சொல் முதலில் வரும் தந்நகரத்துக்கு (ந) சிக்கல் இல்லை. சொல்லுக்கு நடுவே வந்தால் 'டபிள்யூ' விசையைத் தேட வேண்டும். தேடாதவர்கள் எழுதுவது 'முன்னூறு', 'சென்னிறம்'. முந்நூறு, செந்நிறம், அநாதை ஆகியவற்றைத் தனியாகத் தேடிப் பார்ப்பது அஞ்சல்காரர் அனுப்பிய படைப்புக்குக் கட்டாயம். லகர ளகர ழகரக் குழப்பமும் இங்கேதான் அதிகம், ஏனென்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் ஒரு சொல்லே மாறிவிடும்.

மேசைக்கணினிக்கு வருவோம். முரசு அஞ்சல், யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்திலிருந்தே நம் ஊரில் வேரூன்றியது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகனான அதே முத்து நெடுமாறன் செய்த தட்டச்சு மென்பொருள் என்பதால் அந்தப் பெயர் இங்கே இலக்கியக்காரர்களுக்கு அந்நியமாகவும் இல்லை. ஆனால் இன்று புதிதாகத் தொடங்குகிறவர் மென்பொருள் எதையும் தேடி ஓட வேண்டியதில்லை. ஆப்பிள் கணினிகளில் அஞ்சலும் தமிழ்99உம் இயங்குதளத்துடனே வருகின்றன. ஐபோனில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் உண்டு. விண்டோஸ்காரர்களில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய தட்டச்சு விசைமுகத்தில் விரல் ஊறியவர்களுக்கு அது வரப்பிரசாதம். தொகுப்பாளருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தட்டச்சுப்பொறியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்குத் தனி விசை கிடையாது, ளகரத்தையே அடித்தார்கள். அந்தப் பழக்கம் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள் வழியே கணினிக்கு வந்து, குறிமாற்றிகளைத் தாண்டி இன்றைய இதழ் வரைக்கும் நீள்கிறது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பாமினியில் அடித்த கட்டுரையை அனுப்பினால், என்எச்எம் கன்வெர்ட்டரோ சுரதாவின் பொங்குதமிழோ நொடியில் யூனிகோடாக்கிவிடும். அங்கே வேலை முடிவதில்லை, தொடங்குகிறது.

மாற்றிய கோப்பில் மூன்று பிழைகளைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். பழைய எழுத்துருக்களில் ரி, ரீ, ர் மூன்றையும் துணைக்காலை வைத்தே அடித்தார்கள். அதனால் 'காரியம்' என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்கால் நிற்கும், அதன் மேல் இகரக் குறி ஏறியிருக்கும். 'அவர்' என்பதில் துணைக்காலின் மேல் புள்ளி. துணைக்காலை அடுத்து இகரக் குறியோ ஈகாரக் குறியோ புள்ளியோ தமிழில் எங்குமே வராது. ஆகவே 'அனைத்தையும் மாற்று' என்று தட்டிவிடலாம்.

ஔகாரத்தில் அந்தத் துணிச்சல் ஆகாது. எகரக் குறியையும் ளகரத்தையும் மொத்தமாக ஔகாரக் குறியாக்கினால் மெளனம் மௌனமாகும். கூடவே வெளி, தெளிவு, கெளுத்தி, வெள்ளை எல்லாம் சிதைந்து தொலையும். ஔவைக்காக ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து மாற்றினால் 'ஒளி' போய்விடும். கவிதைப் பக்கத்தில் ஒளி எத்தனை முறை வரும் என்று சொல்லவே வேண்டாம். சொல் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்: மௌன, கௌரவ, பௌர்ணமி, பௌத்த, சௌகரிய, யௌவன, கௌதம, ஔவை, ஔடத. இந்தப் பட்டியலை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வோர் இதழுக்கும் சில நிமிட வேலை.

ஸ்ரீ இன்னொரு கள்ளன். ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, யூனிகோடில் 2005இல் சேர்ந்த ஶ என்ற இன்னொரு கிரந்த எழுத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று. திரையில் இரட்டைப் பிள்ளைகள். எழுத்தாளர் பெயரிலேயே ஸ்ரீ இருந்தால், அவருடைய பழைய கதைகள் ஒரு பக்கமும் புதிய கதைகள் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும். ஒன்றை இதழுக்கான வழக்கமாக வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிட வேண்டும். ஒகர, ஓகாரக் குறிகள் இரண்டு துண்டாக வந்திருந்தால் மட்டும் கவலை குறைவு. ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீடுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோடு இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்கிவிடும். மெளனத்தை அது தொடக்கூடத் தொடாது.

குரல்வழித் தட்டச்சு பற்றிச் சுருக்கமாக. கூகுளில் பேசினால் தமிழ் எழுத்தாகிவிடுகிறது. கட்டுரையின் முதல் வரைவுக்குக் கைகொடுக்கும். சிறுகதைக்கு வேண்டாம். உரையாடலின் மேற்கோள்குறிகளும் பத்திப் பிரிப்பும் இல்லாமல் ஒரே ஓட்டமாக வரும். தோட்டத்துப் பேச்சைத் தானே எழுத்துத் தமிழாக்கிவிடவும் செய்யும். பாத்திரம் பேசுவது போய்ச் செய்தி வாசிப்பவர் பேசுவார்.

பிழைதிருத்தத்துக்கு நீச்சல்காரனின் இரண்டு இணையக் கருவிகள் உண்டு: ஒற்றுப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி. கட்டுரைக்கும் நேர்காணலுக்கும் நாவியை ஓட்டியே ஆக வேண்டும். கதையில் ஓட்டினால், அது காட்டுவதையெல்லாம் ஏற்கக் கூடாது. பேச்சு வழக்குக்குள் வல்லினம் மிகுந்து, கங்காணியும் பால்வெட்டுத் தொழிலாளியும் மேடைத் தமிழ் பேசத் தொடங்குவார்கள்.

கடைசியாகப் பக்கம். உரையை இருபுறமும் சீராக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைப்பேசியின் ஒடுங்கிய திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் அடங்கும், இடையில் ஓட்டை விழும். இடப்பக்கம் சீராக்கி, வரியிடைவெளியை எழுத்தளவின் 1.6 முதல் 1.8 மடங்கு வரை வையுங்கள். அதற்குக் குறைந்தால் கீழிறங்கும் உகரக் கொம்பும் அடுத்த வரியின் இகரமும் முட்டிக்கொள்ளும். சாய்வெழுத்து வேண்டாம், தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் அதற்கெனத் தனி வடிவம் இருப்பதில்லை, உலாவி நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துவிடுகிறது. கவிதையைப் புலனத்திலிருந்து நேரே ஒட்டினால் ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாகி, கவிஞர் விட்ட வெற்றுவரி எது, தளம் போட்டது எது என்று தெரியாமல் போகும். அடிகளை வரிமுறிப்பாலும் கண்ணிகளைப் பத்தியாலும் பிரித்து, வலையேற்றும் முன் கைப்பேசியில் பார்த்த படத்தைக் கவிஞருக்கே அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.