கப்பலுக்கு ஏற்ற லினன் பேண்ட், கப்பலுக்கு ஆகாத பாக்கெட்

குரூஸ் போகும்போதெல்லாம் நான் போடும் லினன் பேண்டின் விலை இப்போது பாதியாக இறங்கியிருக்கிறது. உடனே தோழி கேட்டுவிட்டாள்: “நீ வருஷக்கணக்கில் போடுகிறாயே, வாங்கலாமா?” ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அந்த பேண்ட் சென்ற வாரம்தான் தையல்காரரிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது. அதனால் கோபமும் சூடாகவே இருக்கிறது. துணியின் மேல் இருக்கும் பிரியமும் குறையவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எந்த மாதிரி பேண்ட் என்று அதிகம் வர்ணிக்கத் தேவையில்லை. தளர்வான கால், இடுப்பில் பின்பக்கம் எலாஸ்டிக், முன்னால் நாடா, கணுக்கால் அளவு, கலப்பில்லாத லினன். பல நிறுவனங்கள் இதே அச்சில் தைக்கின்றன. நான் சொல்வது பெண்களுக்கென்று விற்கும் பேண்ட் பற்றி. அது முக்கியம், பின்னால் வருகிறேன்.

எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் கப்பல் பகல் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் நாள்தான் எனக்குப் பிடித்த நாள். எங்கும் இறங்க வேண்டாம், யாருக்காகவும் அவசரப்பட வேண்டாம். அந்த நாளுக்கு உடை எடுக்கிறவர்கள் வெயிலை மட்டும் கணக்கில் வைத்துப் பெட்டி கட்டுகிறார்கள். ஆனால் ஆளைப் படுத்துவது மேல்தளத்துக்கும் உள்ளுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டி உள்ளே வந்தால் நூலகம், அரங்கம், சாப்பாட்டுக் கூடம் எல்லாவற்றிலும் ஏசி குளிர். வெளியே போனால் வெயில், கூடவே காற்று. கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் அது மணிக்கு 37 கிலோமீட்டர். கடலில் காற்றே வீசாத நாளிலும் மறைப்பில்லாத தளத்தில் நிற்பவர் மேல் அந்த வேகத்தில் காற்று அடிக்கும். எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அகலமான பாவாடை, முன்பக்கம் திறந்த கவுன் எல்லாம் கேபின் கண்ணாடியில் அழகாகத்தான் இருக்கும். தளத்துக்கு வந்ததும் ஒரு கை அதைப் பிடிப்பதற்கே போய்விடும். இன்னொரு கையில் காபி. மாடிப்படியில் கைப்பிடியை எதைக் கொண்டு பிடிப்பது? கப்பல் லேசாக ஆடும்போது அது சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் இந்த பேண்ட் ஜெயிக்கிறது. காற்றில் கால் படபடக்கும், ஆனால் தூக்கிக்கொண்டு போகாது. கணுக்காலோடு நின்றுவிடுவதால் படியில் காலடியில் மாட்டாது, காலையில் கழுவிவிட்ட ஈரத் தளத்தைக் கூட்டிக்கொண்டு வராது. உள்ளே ஏசியில் முழங்கால் சில்லிடாது. மேலே ஒரு மெல்லிய கம்பளி கார்டிகன் இருந்தால் போதும், அந்தக் கதவை எத்தனை முறை தாண்டினாலும் உடை மாற்ற வேண்டாம்.

துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடல் காற்றில் ஈரம் அதிகம், உப்பும் சேர்ந்துகொள்ளும். பாலியெஸ்டர் போட்டால் தோலில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். ஜவுளித் துறையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: உலர்ந்த இழை சாதாரண அறைக் காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்று. பாலியெஸ்டருக்கு அது தன் எடையில் 0.4 சதவீதம்தான், பருத்திக்கு 8.5, லினனுக்கு 12. இந்த எண் தெரியாதவர்களுக்கும் தொடை அதைச் சொல்லிவிடும். மதிய வெயிலில் சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் கிடந்துவிட்டு எழுந்தால் பாலியெஸ்டர் கூடவே ஒட்டிக்கொண்டு எழும். லினன் கொஞ்சம் விறைப்பான துணி, தோலை விட்டு விலகியே நிற்கும். இடையில் காற்று போய்வரும்.

கசங்குமே என்பார்கள். கசங்கும், நன்றாகவே கசங்கும். லினன் இழைக்கு நெகிழ்வு குறைவு, மடிந்த இடத்தில் மடிந்தபடியே நிற்கும். ஆனால் கப்பலில் இது பெரிய குறை இல்லை. தீப்பிடிக்கும் பயத்தால் இஸ்திரிப் பெட்டியையும் ஸ்டீமரையும் பெரும்பாலான கப்பல்களில் கேபினுக்குள் விடுவதில்லை, பெட்டியில் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். ஆக, எல்லோர் உடையும் கசங்கித்தான் இருக்கும். பருத்திச் சட்டையில் சுருக்கம் விழுந்தால் கவனிப்பில்லாத மாதிரி தெரியும், லினனில் அது துணியின் குணமாகவே படும். ரொம்ப மோசமாகிவிட்டால் வெந்நீரில் குளிக்கும்போது குளியலறையிலேயே மாட்டிவைப்பேன், பாதிச் சுருக்கம் இறங்கிவிடும்.

துவைப்பதும் சுலபம். குளியலறையில் சுவரிலிருந்து இழுத்துக் கட்டும் கொடி ஒன்று பல கப்பல்களில் இருக்கிறது. இரவு அலசிப் போட்டால் மறுநாள் மதியத்துக்குள் போடும்படி ஆகிவிடுகிறது. பால்கனியில் காயப் போடக் கூடாது, காற்று பறித்துக்கொண்டு போகும் என்பது ஒரு பக்கம், விதியே அதுதான். பெரும்பாலும் கேபின் சுவர் இரும்புத் தகடு என்பதால் இரண்டு காந்தக் கொக்கிகள் எடுத்துப் போனால் பேண்டை அதில் தொங்கவிடலாம், அலமாரிக்குள் அடைத்துக் கசக்க வேண்டாம்.

நிறத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. வெள்ளை வேண்டாம். நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், சன்ஸ்கிரீன் கறைதான் பலருக்குத் தெரியாது. பல சன்ஸ்கிரீன்களில் அவோபென்சோன் என்ற பொருள் இருக்கிறது. அது தண்ணீரில் இருக்கும் இரும்போடு சேர்ந்தால் துருப்பிடித்த மாதிரி மஞ்சள் கறையாகும். குளோரின் பிளீச் ஊற்றினால் இன்னும் கெட்டுப்போகும். கழுத்துப்பட்டை இப்படிப் பாழாகிப்போன வெள்ளைச் சட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. பேண்டில் மணல் நிறமோ சாம்பலோ எடுங்கள்.

சரி, பாக்கெட்டுக்கு வருகிறேன்.

கப்பலில் ஏறியதும் கையில் ஒரு கார்டு தருகிறார்கள். கேபின் கதவு அதில்தான் திறக்கும், வாங்கும் குளிர்பானமெல்லாம் அதில்தான் கணக்கு ஏறும், துறைமுகத்தில் இறங்கி ஏறும்போது ஆளை அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான். பர்ஸ், பணம், சாவி எல்லாவற்றையும் கேபினில் வைத்துவிட்டு இந்த ஒன்றோடு நாள் முழுக்கச் சுற்றலாம். எவ்வளவு நிம்மதியான ஏற்பாடு! அந்த நிம்மதியை இந்த பேண்டின் பாக்கெட் கெடுக்கிறது.

நின்றுகொண்டிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. சாய்வு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்ததும், சாய்வாக வெட்டிய பாக்கெட்டின் வாய் தரையைப் பார்க்கத் திரும்பிவிடும். உள்ளே கார்டு ஆழமாகப் போவதற்கு இடமே இல்லை, வாய்க்குக் கீழே நான்கு விரல் அளவுதான் பை. போதாததற்கு அந்தப் பையைத் தைத்திருக்கும் உள்துணி வழுவழுப்பான பாலியெஸ்டர். வழுக்கும் துணியில் வழுக்கும் பிளாஸ்டிக். புத்தகத்தில் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கார்டு நழுவி நாற்காலிச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் கீழே போயிருக்கும். சத்தம்கூடக் கேட்காது. கேபின் வாசலில் நின்று பாக்கெட்டைத் தடவும்போதுதான் தெரியும்.

தொலைந்தால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, வரவேற்பு மேசையில் சொன்னால் பழையதை முடக்கிவிட்டுப் புதிய கார்டு தருகிறார்கள். என் ஆத்திரம் வேறு. கவலையில்லாமல் கிடக்க வேண்டிய நாளில், கால் மணிக்கு ஒருமுறை கை தானாக இடுப்புக்குப் போய் அது இருக்கிறதா என்று பார்க்கிறது. தூக்கம் சொக்கும் நேரத்திலும் கை போகிறது. ஓய்வுக்கென்றே விற்கிற ஒரு உடை இதைச் செய்யலாமா?

கழுத்தில் மாட்டும் பட்டையை வாங்கிக்கொள்ளேன் என்பார்கள். வாங்கிப் போட்டும் பார்த்தாயிற்று. காற்றில் கார்டு முகத்தில் வந்து அடிக்கிறது, சாப்பிடக் குனிந்தால் தட்டில் விழுகிறது, வெயிலில் கிடந்தால் கழுத்தில் பட்டையின் தடம் பதிகிறது. சில நிறுவனங்கள் கார்டுக்குப் பதிலாக வேறு ஏற்பாடு வைத்திருக்கின்றன. பிரின்செஸ் கப்பல்களில் 2017-இல் தொடங்கி மெடாலியன் என்று நாணயம் போன்ற வட்டச் சில்லு ஒன்று வந்திருக்கிறது. கையிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ளலாம். பாக்கெட்டில் போடுவதானால் அது கார்டைவிடச் சின்னது, இன்னும் எளிதாக உருண்டு ஓடும்.

இதில் என்னால் மன்னிக்கவே முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. என் கணவரும் இதே நிறுவனத்தின் லினன் பேண்ட்தான் வைத்திருக்கிறார். அதே துணி, அதே நிறம், அதே நாடா. ஒருநாள் இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக் கையை விட்டுப் பார்த்தேன். அவருடைய பாக்கெட்டில் மணிக்கட்டு வரை கை போயிற்று, என்னுடையதில் விரல் கணுவோடு நின்றுவிட்டது. அவருடையதில் உள்துணி கெட்டியான பருத்தி, எனக்கு அந்த வழுவழுப்பு. ஒரே தொழிற்சாலை, ஒரே விலை. ஆழமாக ஒரு பை தைக்க அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, பெண்களுக்கு வேண்டாம் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். பெண்கள் கைப்பை வைத்திருப்பார்கள் என்ற நினைப்பாக இருக்கும். நீச்சல் குளத்துக்கும் உணவுக் கூடத்துக்கும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கா கப்பலில் ஏறுகிறோம்? அவருடைய பேண்டையே போட்டுக்கொள்ளலாம் என்றால் இடுப்பில் தொளதொளப்பு, அதற்குக் கீழே இறுக்கம். வெட்டு வேறு.

நிறுவனத்துக்கு எழுதினேன். அன்பாகவே எழுதினேன், படமும் வைத்தேன். உங்கள் கருத்தை வடிவமைப்புக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்து வந்த பேண்டிலும் அதே பாக்கெட்.

கடைசியில் தையல்காரர்தான் வழி செய்தார். பையை ஆழப்படுத்துங்கள் என்றுதான் நான் கேட்டிருந்தேன். அவர் பேண்டை மடியில் போட்டு, உட்காரும்போது மடிவது போல மடித்துப் பார்த்துவிட்டு, “பை ஆழமில்லாதது பாதிதான், வாய் ரொம்ப இறங்கியிருக்கிறது” என்றார். பாக்கெட் வாயின் கீழ்ப்பகுதியை இரண்டு விரற்கடை அளவுக்குத் தைத்து மூடினார். வாய் மேலே ஏறிச் சின்னதாயிற்று, ஆனால் கை தாராளமாகப் போகிறது. வழுவழுப்பான பையைப் பிரித்து எறிந்துவிட்டு, சொரசொரப்பான கெட்டிப் பருத்தியில் ஒரு சாண் ஆழத்துக்குப் புதுப் பை வைத்தார். வாயின் இரண்டு முனையிலும் நெருக்கமாகக் குறுக்குத் தையல். இப்போது உட்கார்ந்தாலும் படுத்தாலும் மூடிய பகுதிக்குப் பின்னால் கார்டு அசையாமல் கிடக்கிறது. வீட்டு நாற்காலியில் சாய்ந்து, புரண்டு, குனிந்து எல்லாம் பார்த்தாயிற்று. உட்கார்ந்தவாக்கில் ஒருமுறை மடித்துப் பார்த்ததிலேயே அவருக்குப் பிடிபட்டது, ஒரு பெரிய நிறுவனத்தின் வடிவமைப்புக் குழுவுக்கு இத்தனை காலமாகப் பிடிபடவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மற்றதையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். எலாஸ்டிக் இன்னும் தளரவில்லை, நாள் முழுக்கச் சாப்பாடு கிடைக்கிற இடத்தில் அது பெரிய உதவி. நாடா துவைக்கும்போது உள்ளே போய்விடும், முனையில் ஒரு முடிச்சு போட்டுவையுங்கள். முழங்கால் பக்கம் துணி மெலிந்திருக்கிறது, கிழியவில்லை. நீச்சல் உடையோடு உணவுக் கூடத்துக்குள் விடமாட்டார்கள், உலர்ந்த நீச்சல் உடையின் மேல் இதையும் ஒரு சட்டையையும் போட்டால் எந்தக் கேள்வியும் வராது. முறையான உடை கேட்காத மாலைகளில் நல்ல மேல்சட்டையோடு பெரிய சாப்பாட்டு அறைக்கும் இது போதும், எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இத்தனை நல்லது சொன்ன பிறகும் தோழிக்கு என் பதில்: வாங்காதே. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுப்பேன். விலை பாதியானாலும், பிரித்துத் தைத்த பிறகுதான் உதவும் என்கிற பொருளுக்கு அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த பயணத்துக்கும் நான் இதைத்தான் எடுத்துப் போகப்போகிறேன், அதில் சந்தேகம் இல்லை. அந்த நட்சத்திரங்கள் தையல்காரருக்குச் சேர வேண்டியவை.

அவள் எந்த நிறுவனத்தின் லினன் பேண்டைப் பார்த்தாலும் போட்டுப் பார்க்கும் அறையில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. ஏதாவது ஒரு பிளாஸ்டிக் கார்டை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அங்கே இருக்கும் முக்காலியில் உட்கார வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நன்றாக நீட்ட வேண்டும், இடுப்பை இரண்டு பக்கமும் ஒருமுறை திருப்ப வேண்டும். கார்டு நழுவினால் பேண்டைக் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வந்துவிடலாம்.