எபிட்யூரல் எல்.ஓ.ஆர். சிரிஞ்சு: கண்ணாடியா பிளாஸ்டிக்கா, உள்ளே காற்றா சலைனா?

எபிட்யூரல் என்பது தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவது. அதற்கான செட்டைப் பிரித்தால் டூவி ஊசி, கதீட்டர் (மெல்லிய குழாய்), ஃபில்டர் ஆகியவற்றோடு ஒரு சிரிஞ்சும் இருக்கும். அதுதான் லாஸ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ் (தடை விலகுவது) சிரிஞ்சு, சுருக்கமாக எல்.ஓ.ஆர். ஊசிமுனை லிகமென்டம் ஃபிளேவம் என்ற முள்ளெலும்புத் தசைநாருக்குள் இருக்கும்வரை பிளஞ்சர் (சிரிஞ்சின் தள்ளுதண்டு) நகராது. அதைத் தாண்டி எபிட்யூரல் இடத்துக்குள் முனை நுழைந்ததும் சட்டென்று வழி விடும். அந்த மாற்றத்தை விரலுக்கு எவ்வளவு தெளிவாக உணர்த்துகிறது என்பதை வைத்தே இந்தச் சிரிஞ்சை மதிப்பிட வேண்டும்.

கண்ணாடிச் சிரிஞ்சின் வழுக்கல் அருமையானது. ஆனால் குழலும் பிளஞ்சரும் ஒன்றுக்கொன்று பொருந்தத் தேய்த்து உருவாக்கப்பட்ட ஜோடி. ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமிநீக்கிய பிறகு ஜோடி மாறினால் ஒன்று இறுகும், இல்லையென்றால் ஒழுகும். உலர்ந்திருந்தாலோ கையுறைப் பவுடர் ஒட்டினாலோ பிளஞ்சர் சிக்கிக்கொள்ளும். சிக்கல் தரும் தடையைத் தசைநாரின் தடை என்று நினைத்து ஊசியை மேலும் தள்ளினால் டியூரா (தண்டுவடத்தைச் சூழ்ந்த உறை) துளைபடும். எனவே ஊசியில் மாட்டும் முன் உட்புறத்தைச் சலைனால் நனைத்து, பிளஞ்சர் தன் எடையிலேயே சறுக்குகிறதா என்று பாருங்கள்.

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் வகையில் இந்த ஜோடித் தொல்லை இல்லை. தரமான பிளாஸ்டிக்கில் வழுக்கலும் போதுமான அளவு இருக்கிறது. அது கிடைக்காதபோது சாதாரண சிரிஞ்சை எடுத்து ஒப்பேற்றுவதுதான் பெரிய தவறு. அதன் ரப்பர் முனையின் உராய்வு, உணர வேண்டிய மாற்றத்தையே மூடிவிடும். வாங்கும்போது இணைப்பையும் கவனியுங்கள். ஐ.எஸ்.ஓ. 80369-6 தரத்தில் வரும் என்.ஆர்.ஃபிட் சிரிஞ்சு, வழக்கமான லூயர் இணைப்புள்ள ஊசியில் பொருந்தாது. ஊசியும் சிரிஞ்சும் ஒரே வகையா என்பதை உறையைக் கிழிக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

உள்ளே எதை நிரப்புவது என்பதில்தான் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. காற்று அமுங்கும். அதனால் பிளஞ்சரை விட்டுவிட்டுத் தட்டித்தான் பார்க்க முடியும். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மென்மையான திசுவிலேயே தடை போனது போலத் தோன்றி ஏமாற்றும். ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் காற்று உள்ளே போகும். முயற்சிகள் கூடக் கூட அது சேர்ந்துகொண்டே வரும். சலைன் அமுங்காது. 5 முதல் 8 மி.லி. நிரப்பி, குமிழிகளை வெளியேற்றி, கட்டைவிரலைத் தொடர்ந்து அழுத்தியபடியே ஊசியை முன்னேற்றலாம். இதிலும் ஒரு குறை உண்டு: ஊசி வழியே தெளிந்த திரவம் சொட்டினால், அது சலைனா தண்டுவடத் திரவமா என்ற குழப்பம் வரும். சலைன் குளிர்ந்திருக்கும், சில துளிகளில் நின்றுவிடும். தண்டுவடத் திரவம் வெதுவெதுப்பாகத் தொடர்ந்து வரும், குளுக்கோஸ் பட்டையிலும் நிறம் காட்டும். சலைனை அளவுக்கு மீறிச் செலுத்தினால் பின்னால் போகும் மருந்து நீர்த்துப்போகும்.

காற்று உள்ளே தங்கினால் என்ன ஆகும்? டியூராவுக்கு வெளியே இருக்கும் சிறிய அளவு பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராமல் சில நாட்களில் இரத்தத்தில் கரைந்துவிடும். அளவு கூடினால் மருந்து பரவும் வழியை அது மறிக்கும், உடலின் ஒரு பகுதி மட்டும் மரத்துப்போகாமல் நிற்கும். அரிதாக, நரம்பு வேரை அழுத்தி வலியையோ பலவீனத்தையோ தரும். டியூரா துளைபட்டு உள்ளே புகுந்த காற்று, நோயாளி உட்கார்ந்திருந்தால் மேலேறி மண்டைக்குள் போகும். அதனால் வரும் தலைவலி சில நிமிடங்களிலேயே தொடங்கும். தண்டுவடத் திரவக் கசிவால் வரும் தலைவலியோ பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். காற்றுக்குப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுப்பது வழக்கம். மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். நைட்ரஜனைவிட ஏறத்தாழ 34 மடங்கு அதிகமாக இரத்தத்தில் கரையும் அந்த வாயு, குமிழிக்குள் வேகமாகப் புகுந்து அதை ஊதிப் பெரிதாக்கும்.

இன்னொரு விளைவு ஸ்கேன் அறையில் தெரியும். ஊசியே படாதவரின் தண்டுவடக் கால்வாயிலும் காற்று காணப்படலாம். கடும் இருமல், வாந்தி, ஆஸ்துமாவால் மார்பின் நடுப்பகுதிக்குள் கசிந்த காற்று, நரம்பு வெளிவரும் துளைகள் வழியே கால்வாய்க்குள் நுழையும். தேய்ந்த டிஸ்கிலிருந்தும் வரலாம், வாயு உண்டாக்கும் கிருமித் தொற்றிலிருந்தும் வரலாம். விபத்துக்குப் பிறகு டியூராவுக்கு உட்புறம் காற்று தெரிந்தால் அது கடுமையான அறிகுறி. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவோ டியூரா கிழிசலோ இருக்கிறதா என்று தேட வேண்டும், மூளைக்காய்ச்சல் அபாயமும் உண்டு. சி.டி.யில் கொழுப்பு சுமார் -100, காற்று சுமார் -1000 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் அளவு). குறுகிய விண்டோவில் (படத்தில் காட்டப்படும் அடர்த்தி வரம்பு) இரண்டும் கருப்பாகவே தெரியும் என்பதால் விண்டோவை அகலமாக்கித்தான் பிரித்தறிய வேண்டும். முந்தைய நாள் எபிட்யூரல் போட்டவரின் படத்தில் இந்தக் கரும்புள்ளி தெரிந்தால், ஊசி வழியே போன காற்றா, நோய் தந்த காற்றா என்பதைக் குறிப்பேடுதான் சொல்ல முடியும். காற்றா சலைனா, எத்தனை மி.லி., எந்த மட்டத்தில், எத்தனை முயற்சி என நான்கையும் எழுதிவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2014ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, எபிட்யூரல் இடத்தைக் கண்டுபிடிப்பதிலும் சிக்கல்களிலும் காற்றுக்கும் சலைனுக்கும் வேறுபாடு காணவில்லை. ஆனால் சான்றுகளின் தரம் குறைவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. காற்றிலேயே கைபழகியவர் நன்றாகச் செய்யலாம், அதை மறுக்கவில்லை. அப்படியானால் ஒரு முயற்சிக்கு 1 அல்லது 2 மி.லி.க்கு மேல் போகவிடாதீர்கள். முதல் இரண்டு முயற்சி தவறினால் சலைனுக்கு மாறுங்கள். புதிதாகக் கற்பவருக்கு எங்கள் தேர்வு, சலைன் நிரப்பிய பிளாஸ்டிக் எல்.ஓ.ஆர். சிரிஞ்சு. கண்ணாடியை, ஜோடி பிரியாமல் பார்த்துக்கொள்ளும் தியேட்டர்கள் மட்டும் வாங்கலாம்.