ஊரறியச் சொல்வதா, பணம் கட்டுவதா, நேரம் குறிப்பதா? எடுத்த காரியத்தை முடிக்க எது உதவுகிறது – ஓர் ஒப்பீடு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் சிவப்பு மையில், "தாத்தாவின் கடிதங்கள் முழுவதையும் இந்த வருடம் தட்டச்சு செய்து முடித்தே தீருவேன்" என்று எழுதி, அடியில் மூன்று கோடு போட்டிருக்கிறேன். மூன்றாவது கோட்டின் அழுத்தத்தில் தாளே லேசாகக் கிழிந்திருக்கிறது. அடுத்த பக்கம் காலி. மொத்தக் கடிதங்கள் 212. அந்த வருடம் முழுக்க நான் முடித்தவை 9.

எனக்கு வைராக்கியம் போதாது என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த வரியில் ஆசை இருந்தது, வேகம் இருந்தது. எந்த நாள், எந்த நேரம், எந்த நாற்காலியில் உட்கார்ந்து என்பது மட்டும் இல்லை. அப்புறம் ஒரு நாள் விட்டுப்போனால் என்ன செய்வது என்பதும் இல்லை. காரியங்கள் கிடப்பில் போவது பெரும்பாலும் இந்த இரண்டு ஓட்டைகள் வழியாகத்தான் என்று நான் நம்புகிறேன். எடுத்ததை முடிப்பதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். அவற்றில் எது இந்த ஓட்டைகளை அடைக்கிறது, எது அடைப்பது போலத் தோற்றம் மட்டும் தருகிறது என்று பார்க்கலாம்.

எல்லோரிடமும் சொல்வதும் வாயைத் திறக்காமல் இருப்பதும்

"நாலு பேரிடம் சொல்லிவிட்டால் மானத்துக்குப் பயந்தாவது செய்துவிடுவோம்" என்பது ஒரு கட்சி. "முடிக்கும்வரை மூச்சு விடாதே" என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் எந்த இடத்தில் எது உண்மை என்பதுதான் இங்கே முக்கியம்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் சட்டக் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். படிப்பில் இன்னும் ஈடுபடப் போவதாக அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சிலருடைய தாளை ஆய்வாளர் வாங்கிப் படித்து, ஆமாம், இதுதானே உங்கள் எண்ணம் என்று உறுதி செய்துகொண்டார். மற்றவர்களுடைய தாளை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு எல்லோருக்கும் வழக்குகளைப் படித்துத் தீர்க்கும் வேலை தரப்பட்டது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். தங்கள் எண்ணத்தை இன்னொருவர் தெரிந்துகொண்ட மாணவர்கள்தான் குறைந்த நேரம் உழைத்தார்கள்.

கோல்விட்சர் தரும் விளக்கம் இது. "நல்ல வழக்கறிஞர் ஆகப் போகிறேன்" என்பது ஒருவர் தன்னை யாராகக் காண்கிறார் என்பதோடு ஒட்டிய ஆசை. அதை இன்னொருவர் கேட்டுத் தலையாட்டும்போதே அந்த அடையாளம் பாதி கைக்கு வந்துவிட்டது போல ஒரு நிறைவு உண்டாகிறது. நிறைவு வந்த இடத்தில் உழைப்புக்கு அவசரம் இருக்காது.

இதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஒரு முடிவு 2020-இல் வந்தது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் க்ளைன் குழு கண்டது: தன்னைவிட உயர்ந்த நிலையில் இருப்பவராக ஒருவர் மதிக்கும் ஆளிடம் இலக்கைச் சொன்னால் பிடிப்பு கூடுகிறது, வேலையும் நன்றாக நடக்கிறது. தனக்குக் கீழே என்று நினைப்பவரிடம் சொன்னால் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

இரண்டையும் அருகருகே வைத்தால் எனக்குப் புரிவது இது. கூட்டத்தின் நடுவே "நான் எழுத்தாளன் ஆகப் போகிறேன்" என்று அறிவிப்பது ஆபத்தானது. நாம் மதிக்கும் ஒரே ஒருவரிடம் "வெள்ளிக்கிழமை மூன்று பக்கம் கொண்டுவருகிறேன்" என்று சொல்வது உதவும். முதலாவதில் வாழ்த்து உடனே வந்துவிடுகிறது. இரண்டாவதில் அந்த மூன்று பக்கத்தைக் கையில் கொடுக்கும்வரை வாழ்த்த எதுவும் இல்லை.

அந்த ஒருவர் யார் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் நான் ஒரு நண்பரைக் கண்காணிக்கச் சொன்னேன். அவரும் தினமும் தவறாமல், "செய்தாயா?" என்று கேட்டார். பத்து நாளில் அவருடைய அழைப்பு வந்தாலே மனம் சுருங்கியது, பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அப்புறம் தட்டச்சு செய்த தாத்தாவின் கடிதங்களில் வாரம் இரண்டை அத்தைக்கு அனுப்பத் தொடங்கினேன். அவர் ஒரு நாளும் "செய்தாயா" என்று கேட்டதில்லை. ஒரு முறை மட்டும் தாமதமானபோது, "ஏம்மா, அந்த வேலை கிடைத்ததா இல்லையா என்று அப்பா அடுத்த கடிதத்தில் எழுதியிருப்பாரே, அது எங்கே?" என்றார். அன்றிரவே உட்கார்ந்துவிட்டேன். நம்மைச் சோதிப்பவரைவிட, அந்தப் பொருளுக்காகக் காத்திருப்பவர் பல மடங்கு மேல்.

பணத்தைப் பணயம் வைப்பது

செய்யாவிட்டால் கட்டிய பணம் போய்விடும் என்று தன்னைத்தானே கட்டிப்போடும் வழி இது. பிலிப்பைன்ஸில் புகைபிடிப்பவர்களிடம் ஒரு வங்கி வழியாகச் செய்து பார்த்தார்கள். முடிவு 2010-இல் வெளியானது. ஆறு மாதம் பணம் போட்டு வர வேண்டும். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் நிக்கோட்டின் தெரியக் கூடாது. தெரிந்தால் பணம் தர்ம காரியத்துக்குப் போய்விடும். இந்த வாய்ப்பு தரப்பட்டவர்கள், தரப்படாதவர்களைவிட அதிகமாகப் பரிசோதனையில் தேறினார்கள். ஒரு வருடம் கழித்துத் திடீரென்று சோதித்தபோதும் வித்தியாசம் நீடித்தது. ஆனால் சேரச் சம்மதித்தவர்கள் 11 சதவீதம் பேர்தான்.

அமெரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகக் காட்டியது. புகையை விட்டால் பரிசு என்ற திட்டத்தை 90 சதவீதம் பேர் ஏற்றார்கள். முதலில் சொந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டு, விட்டால் அதுவும் பரிசும் கிடைக்கும் என்ற திட்டத்தை 13.7 சதவீதம் பேர்தான் ஏற்றார்கள். அதனால் ஆறு மாத முடிவில் மொத்தக் கணக்கில் பரிசுத் திட்டமே முந்தியது: 15.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள்; பணம் கட்டும் திட்டத்தில் 10.2, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் 6. அதே நேரத்தில், எந்தத் திட்டம் தந்தாலும் ஏற்கக்கூடியவர்களை மட்டும் ஒப்பிட்டால் சொந்தப் பணம் கட்டியதே வலுவாக வேலை செய்தது.

மருந்து கடுமையானது, குடிக்க ஆள் இல்லை என்பதுதான் நிலைமை. நிறுத்த வேண்டிய பழக்கத்துக்கு, அதிலும் பரிசோதனையால் உறுதிசெய்யக் கூடியதற்கு, இது நல்ல ஆயுதம். கதை எழுதுவது, மொழி கற்பது போன்றவற்றுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பணத்துக்குப் பயந்து ஒப்பேற்றிய பக்கத்தையும் மனம் தோய்ந்து எழுதிய பக்கத்தையும் பிரித்துச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது.

‘எப்போது, எங்கே’ – ஒரே ஒரு வரி

என் மனசாட்சிக்கு நேர்மையாகச் சொன்னால், எல்லோருக்கும் முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான்.

பிரிட்டனில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிறப்பாக எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு இதய நோய் பற்றியும் உடற்பயிற்சியின் நன்மை பற்றியும் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது குழு அதையும் படித்து, கூடவே அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வேன் என்று எழுதியும் கொடுத்தது. அந்த வாரத்தில் ஒரு முறையாவது செய்தவர்கள், முதல் குழுவில் 38 சதவீதம், இரண்டாவதில் 35, மூன்றாவதில் 91. ஊக்கம் தரும் வாசிப்பு மட்டும் இருந்த குழு, எதுவும் தரப்படாத குழுவைத் தாண்டவே இல்லை. இதை முதல் முறை படித்தபோது என் சிவப்பு மை வரி நினைவுக்கு வந்தது. நான் எனக்குக் கொடுத்துக்கொண்டதும் ஊக்கம் மட்டும்தான்.

எல்லா ஆய்விலும் இவ்வளவு பெரிய பாய்ச்சல் இருக்காது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்குக் காய்ச்சல் தடுப்பூசி பற்றிய அறிவிப்பு அஞ்சலில் போனது. தேதியும் நேரமும் குறித்துக்கொள்ளக் கட்டம் வைத்து அனுப்பியபோது, ஊசி போட்டவர்கள் 33.1 சதவீதத்திலிருந்து 37.1 ஆனார்கள். வெறும் தேதிக்கு மட்டும் கட்டம் வைத்தால் பேர் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. நேரம் குறிக்கும் சின்னக் கட்டமும் சேர்ந்தபோதுதான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

ஏன் என்பதற்குக் காரணம் எளிது. "நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்றால் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும், இப்போதா அப்புறமா என்று மனதுக்குள் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. களைத்திருக்கும் மாலை நேரத்தில் "அப்புறம்" என்பதே எப்போதும் ஜெயிக்கும். இந்தக் காரியம் நடந்ததும் அடுத்து அது என்று முன்னாலேயே கட்டிவைத்தால், பேச்சுவார்த்தைக்கே இடம் இல்லை.

நான் சிவப்பு மை வரியை அடித்துவிட்டு எழுதியது இது: "இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், ஜன்னல் ஓர மேசையில் உட்கார்ந்து, ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்வேன்." முதலில் 'இரவு ஒன்பது மணிக்கு' என்றுதான் எழுதியிருந்தேன். ஒன்பது மணி சத்தமில்லாமல் கடந்து போய்விடுகிறது. தட்டு அப்படி இல்லை. ஈரக் கையைத் துடைக்கும்போதே மேசை கண்ணில் படுகிறது. மறுநாளைக்கான கடிதத்தை முந்தின இரவே உறையிலிருந்து எடுத்து, மடிப்பு நிமிர ஒரு கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் வைத்துவிடுகிறேன். உட்கார்ந்தால் தேட வேண்டியது எதுவும் இல்லை. தாத்தாவின் சாய்ந்த கையெழுத்து அங்கே காத்திருக்கிறது.

சங்கிலி அறுந்த நாள்

செய்த நாளுக்கெல்லாம் காலண்டரில் ஒரு குறி போட்டு, சங்கிலியை அறுக்காதே என்பார்கள். முதல் மூன்று வாரம் எனக்கு இது அருமையாக இருந்தது. பிறகு காய்ச்சலில் இரண்டு நாள் விட்டுப்போனது. இடையில் இருந்த அந்த இரண்டு வெற்றுக் கட்டங்களைப் பார்க்கவே பிடிக்காமல், காலண்டரையே திருப்பி வைத்தேன். கூடவே வேலையும் நின்றது.

உண்மையில் அந்த இரண்டு நாளால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊன்ற எடுத்த காலம் நடுத்தரக் கணக்கில் 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று ஊர் முழுக்கச் சொல்லப்படுவதை நம்பி, 22-ஆம் நாள் "எனக்கு இது வராது" என்று விட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதே ஆய்வில், நடுவே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

ஆகவே, தினசரிச் சங்கிலியா, வாரக் கணக்கா என்று கேட்டால் நான் வாரக் கணக்கின் பக்கம். வாரத்தில் ஐந்து கடிதம். இரண்டு நாள் கைவசம் சும்மா இருக்கும். அதை முன்கூட்டியே செலவழிக்கக் கூடாது, அவசரத்துக்கு மட்டும். தவறினால் என்ன என்பதற்கும் ஒரு வரி உண்டு: "நேற்று விட்டுப்போயிருந்தால், இன்று பாதிக் கடிதம் போதும்." விட்டதைச் சேர்த்து இன்று இரண்டாகச் செய்வேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடன் ஏறினால் கால் மேசைப் பக்கமே போகாது.

எதற்கு எது

தொடங்கவே முடியவில்லை என்றால் நேரமும் இடமும் குறித்த வரி. தொடங்கி, நடுவில் தேய்ந்துபோகிறது என்றால், பொருளுக்காகக் காத்திருக்கும் ஒருவர். நிறுத்த வேண்டிய பழக்கம், மனமும் தயார் என்றால் பணயம். ஒரு நாள் தவறினால் முழுதாகச் சரிந்துவிடுகிறவர் என்றால், முதலில் சங்கிலியைத் தூக்கிப் போட்டுவிட்டு வாரக் கணக்கு. ஊரறிய அறிவிப்பதை நான் எதற்கும் சேர்க்கவில்லை. முடித்த பிறகு தாராளமாக அறிவிக்கலாம்.

தலையில் உதித்த யோசனை என்றால் கதை கொஞ்சம் வேறு. இலக்குக்கு முடிவு தெரியும், யோசனைக்குத் தெரியாது. அதை வருடக் கணக்கில் தோளில் ஏற்றுவதற்கு முன், ஒரே உட்காரலில் முடியக்கூடிய சின்ன உருவம் ஒன்றைச் செய்து, தேவைப்படுகிற ஒருவர் கையில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. கடிதங்கள் விஷயத்தில் அத்தைக்கு அனுப்பிய முதல் இரண்டும் அந்த வேலையைத்தான் செய்தன.

இன்னொன்று. நேரம் குறிக்கும் வித்தை ஒரு சமயத்தில் ஒரு காரியத்துக்குத்தான் நன்றாகப் பலிக்கிறது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பல இலக்குகளுக்கு ஒரே நேரத்தில் இப்படித் திட்டம் போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்ததும் எவ்வளவு கடினம் என்பதுதான் கண்ணில் பட்டது, பிடிப்பு தளர்ந்தது.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஏழு யோசனைகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று கூட மோசமில்லை. இரண்டை நினைத்தால் இப்போதே கை பரபரக்கிறது. எதற்கும் நான் நேரம் குறிக்கவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் 147-ஆவது கடிதம் இருக்கிறது.